விடுமுறைக்குப் போனவை எண்டு ஆரைச் சொல்லுறியள்?

"கொரோனா நேரத்தில ஊர் சுத்தப் போனவைதானே, காசைக் கட்டட்டும். எங்களுக்கென்ன?"

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2020இலும் 2021இலும் முகநூலில் ஓடியது. கல்யாண வீட்டுப் பந்தியில் ஓடியது. லண்டனில் இருக்கிற தமிழரே லண்டனில் இருக்கிற தமிழரைப் பார்த்துச் சொன்னார்கள். இன்றைக்கும் அந்தக் காலத்தைப் பற்றிக் கதை வந்தால் யாரோ ஒருவர் இதைச் சொல்லி முடித்துவைப்பார். நாங்கள் அதை அப்படி முடியவிடப் போவதில்லை.

எங்கள் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறோம். தனிமைப்படுத்தல் தேவைப்பட்டது. கிருமியே பொய் என்று சொன்ன கூட்டத்தில் நாங்கள் இல்லை. எங்கள் ஆட்சேபம் இதுதான்: அரசுகள் இரவோடு இரவாக விதியை மாற்றின, அந்த மாற்றத்தின் செலவையும் பயணியின் தலையிலேயே கட்டின. அவசரம் என்றால் செலவை அரசு ஏற்கட்டும். செலவைப் பயணிதான் கட்டவேண்டும் என்றால் அவருக்கு அவகாசம் கொடுக்கட்டும். இரண்டில் ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒருவர் தலையில் போட எந்த அரசுக்கும் நியாயம் கிடையாது.

நடந்ததை ஒருக்கால் ஒழுங்காகப் பார்ப்போம். 2020 ஜூலை 25, சனிக்கிழமை. ஸ்பெயினில் இருந்து வருகிற எல்லாரும் 14 நாள் வீட்டுக்குள் தனிமையில் இருக்கவேண்டும் என்று பிரித்தானிய அரசு பின்னேரம் அறிவித்தது. அன்று நள்ளிரவே அது நடைமுறைக்கு வந்தது. போக்குவரத்து அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸ் அந்த நேரம் ஸ்பெயினில்தான் விடுமுறையில் நின்றார். "அமைச்சரும் மாட்டிக்கொண்டார்" என்று பத்திரிகைகள் பகிடி விட்டன. எங்களுக்கு அதில் சிரிப்பு வரவில்லை. அமைச்சர் வீட்டில் இருந்தபடி வேலை பார்க்கலாம், சம்பளமும் வரும். களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறவர் என்ன செய்வார்? பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்கிறவர்? பயணத்தின் காரணமாக மட்டும் தனிமையில் இருக்கிறவருக்குச் சட்டப்படியான நோய்க்காலக் கொடுப்பனவு தானாகக் கிடைக்காது என்பதுதான் அங்கே இருந்த விதி. ஒரே 14 நாள்தான். ஒருவருக்கு அது சலிப்பு, மற்றவருக்கு அந்த மாத வாடகை.

மூன்று கிழமை கழித்து பிரான்ஸ். ஓகஸ்ட் 13 வியாழன் இரவு அறிவிப்பு, 15ஆம் திகதி சனிக்கிழமை விடிய 4 மணிக்கு அமுல். கிட்டத்தட்ட 30 மணித்தியாலம். அந்த நேரம் பிரான்ஸில் சுமார் 1,60,000 பிரித்தானிய விடுமுறைக்காரர் நிற்கிறார்கள் என்று அமைச்சரே சொன்னார். கப்பலுக்கும் ரயிலுக்கும் விமானத்துக்கும் எல்லாரும் அடித்துப்பிடித்து ஓடினார்கள். ரிக்கற் விலை ஏறியது. ஏறின விலையைக் கொடுக்கக் கூடியவர்கள் 4 மணிக்கு முன்னம் வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் பிந்தி வந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். அந்த 30 மணித்தியாலம் கிருமியை மறிக்கவில்லை. யாருடைய பொக்கற்றில் காசு இருக்கிறது என்பதை மட்டும் பிரித்துக் காட்டியது.

இவை ஐரோப்பியக் கடற்கரைக் கதைகள். எங்களை நேரடியாகத் தொட்டது அடுத்த வருடம்.

2021 ஜூன் 3ஆம் திகதி, இலங்கையைச் சிவப்புப் பட்டியலில் சேர்ப்பதாகப் பிரித்தானியா அறிவித்தது. ஜூன் 8 விடிய 4 மணிக்கு அது அமுலுக்கு வந்தது. அதன் பிறகு இலங்கையில் இருந்து திரும்புகிற பிரித்தானியப் பிரசையோ அங்கே வதிவிட உரிமை உள்ளவரோ, அரசு காட்டுகிற ஹோட்டலில் பத்து நாள் அடைபட்டிருக்க வேண்டும். தனி ஆளுக்கு 1,750 பவுண். அன்றைய நாணய மாற்றுக்குக் கிட்டத்தட்ட ஐந்து இலட்சம் ரூபா. கூட வருகிற இன்னொரு பெரியவருக்கு 650, ஐந்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 325. தாய், தகப்பன், இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் 3,050 பவுண். ஓகஸ்ட் 12இல் கட்டணத்தைக் கூட்டினார்கள். தனி ஆளுக்கு 2,285, இரண்டாவது பெரியவருக்கு 1,430. அதே நான்கு பேருக்கும் இப்போது 4,365. இலங்கையைப் பட்டியலில் இருந்து எடுத்தது செப்ரெம்பர் 22இல்.

அந்த மாதங்களில் இலங்கைக்கு யார் போயிருப்பார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. மே 25இல் இருந்து ஜூன் 21 வரை தீவு முழுக்கப் பயணத் தடை. கடற்கரையும் இல்லை, கோயில் திருவிழாவும் இல்லை, கல்யாண மண்டபமும் இல்லை. சுற்றிப் பார்க்க ஒன்றுமே திறந்திராத நாட்டுக்கு எந்த விடுமுறைக்காரர் போவார்? போனவர்களுக்குப் போகவேண்டிய காரணம் இருந்தது.

அந்தக் காரணம் என்ன என்று தெரிய, நாங்கள் இருக்கிற கொழும்புத்துறைக்கு வாருங்கோ. யாழ்ப்பாண மாநகரின் கிழக்கு ஓரத்தில், கடனீரேரிக் கரையில் இருக்கிற ஊர். எந்த ஒழுங்கைக்குள் போனாலும் இரண்டு விதமான வீடு இருக்கும். ஒன்று, கேற்றில் பூட்டுத் தொங்குகிற வீடு. மற்றது, வயதுபோன இருவரோ ஒருவரோ மட்டும் இருக்கிற வீடு. பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும். ஐயாவுக்கு வருத்தம் கடுமை என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கோல் போனால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? வேலையிடத்தில் லீவு கேட்கும். அந்த லீவுக்குப் பெயர் வருடாந்த விடுமுறை. பிரித்தானியக் கடவுச்சீட்டோடு கட்டுநாயக்காவில் வந்திறங்கினால், இங்கே பிறந்தவர் என்றாலும் சுற்றுலாப் பயணிக்குரிய விசாவில்தான் உள்ளே வருவார். அவர் தாயின் கட்டிலடியில் கதிரை போட்டு இருந்த பதினைந்து நாளும் நாட்டின் சுற்றுலாக் கணக்கில் ஏறும். திரும்பிப் போகிற நேரம் அவரை விடுமுறை கழித்து வருகிறவராகப் பார்த்து பில் நீட்டுவார்கள்.

இதுதான் அந்தச் சொல் செய்கிற வேலை. "விடுமுறைக்காரர்" என்றதும் எங்கள் மனதில் வெயில் கண்ணாடியும் கடற்கரைக் கதிரையும் வருகின்றன. செத்த வீட்டுக்கு வந்தவர் வருவதில்லை. அந்தியேட்டிக்குக் கீரிமலையில் நின்றவர் வருவதில்லை. சத்திரசிகிச்சை முடிந்த தாயைப் பார்க்க வந்தவர் வருவதில்லை. புலம்பெயர்ந்த சமூகங்களுக்கு, நாங்கள் மட்டுமல்ல, பாகிஸ்தானியர், வங்காளிகள், கென்யர் எல்லாருக்கும், வீட்டுக்குப் போவதற்கு அரச படிவத்தில் தனிப் பெட்டி இல்லை. அந்த மூன்று நாடுகளும் இலங்கையோடு ஒரே நாளில்தான் சிவப்புப் பட்டியலில் இருந்து வெளியே வந்தன. அவ்வளவு காலமும் ஹோட்டலுக்குக் காசு கட்டினவர்களில் எத்தனை பேர் உல்லாசமாகப் போயிருப்பார்கள்?

சரி, உண்மையாகவே உல்லாசத்துக்குப் போனவர் என்றால் மட்டும் பரவாயில்லையா? அதையும் நாங்கள் ஏற்கவில்லை. அரசு போகலாம் என்று சொன்ன நாளில், அந்த அனுமதியை நம்பி, சேர்த்த காசில் ரிக்கற் போட்டவர் ஒரு பிழையும் செய்யவில்லை. அவர் போன பிறகு விதியை மாற்றிவிட்டு, "ஆபத்துத் தெரிஞ்சுதானே போனனீ" என்று கேட்பது, துடுப்பாட்டம் நடந்துகொண்டிருக்க எல்லைக்கோட்டை இழுத்துவைத்துவிட்டு ஆட்டக்காரனைத் திட்டுவது போன்றது.

லண்டன் அரசை மட்டும் குற்றம் சொல்லி நாங்கள் தப்பப் போவதில்லை. கொழும்பு என்ன செய்தது?

2020 மார்ச் 19இல் இலங்கை தன் விமான நிலையங்களை உள்ளே வருகிறவர்களுக்கு மூடியது. சொந்தப் பிரசைக்கும் சேர்த்துத்தான். வெளியே போகலாம், உள்ளே வரமுடியாது. யாத்திரைக்கு இந்தியா போனவர்களும், படிக்கப் போனவர்களும், வளைகுடாவில் வேலை போனவர்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மே மாதம் குவைத்தில் இருந்து அழைத்து வரப்பட்டவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது. உடனே, மற்றவர்களை அழைத்து வருவது பின்போடப்பட்டது. அவர்கள் அங்கே வேலையும் இல்லாமல், விசாவும் முடிந்து, ஒரே அறையில் பலராகக் காத்திருந்தார்கள். வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் அந்த வருடம் நாட்டுக்கு அனுப்பிய காசு 700 கோடி அமெரிக்க டொலருக்கு மேல். காசு வருவதற்கு எந்த நாளும் தனிமைப்படுத்தல் இருக்கவில்லை.

அதே 2020 டிசம்பர் 28ஆம் திகதி மத்தல விமான நிலையத்தில் உக்ரேனில் இருந்து சுற்றுலாப் பயணிகள் வந்திறங்கினார்கள். முன்னோடித் திட்டமாம். அவர்களை அறைக்குள் பூட்டவில்லை. "குமிழி" என்றொரு பெயர் வைத்து, காட்டுக்கும் கோட்டைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். வந்தவர்களிலும் சிலருக்குத் தொற்று இருந்தது. திட்டம் அதற்காக நிற்கவில்லை. 2021 ஜனவரி 21இல் விமான நிலையங்கள் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தன. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன எங்கள் நாட்டுப் பெண் ஊர் திரும்ப வரிசையில் நின்ற நேரத்தில், காசோடு வந்த வெளிநாட்டவருக்குக் குமிழி கிடைத்தது. கிருமி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். விதிதான் ஆளுக்கு ஆள் மாறியது.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்ரோபர் 17இல் திறந்தது. நவம்பர் 11இல் சென்னை விமானம் ஓடத் தொடங்கியது. நான்கு மாதம் ஓடி 2020 மார்ச்சில் நின்றது. திரும்ப ஓடியது 2022 டிசம்பர் 12இல். கட்டுநாயக்கா சுற்றுலாவுக்குத் திறந்து கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்குப் பிறகு! சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறவரும், தமிழ்நாட்டில் இருக்கிற தமக்கையைப் பார்க்கப் போகிறவரும் அந்தக் காலம் முழுக்க 400 கிலோமீற்றர் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்த்தான் விமானம் ஏறவேண்டும். மூடியபோது நோய் காரணமாக இருந்தது. நோய் காரணமில்லாமல் போன பிறகும் கதவு மூடியே கிடந்தது. திடீரென்று மூடுகிற எதையும், எப்போது திறப்பது என்று எழுதிவைக்காவிட்டால், இப்படித்தான் நடக்கும்.

இப்போது எதிர்வாதத்துக்கு வருவோம். அது லேசான வாதம் இல்லை. "அவகாசம் குடுத்தால் எல்லாரும் அதுக்குள்ள ஓடி வருவினம், நோயையும் கொண்டு வருவினம். அரியாலையை மறந்திட்டியளோ?" என்று கேட்பார்கள்.

மறக்கவில்லை. அரியாலை எங்களுக்குப் பக்கத்து ஊர். 2020 மார்ச் 15இல் அங்கே நடந்த ஆராதனையை நடத்திய மதபோதகர் சுவிஸில் இருந்து வந்தவர். அவர் திரும்பிப் போன பிறகு அவருக்குத் தொற்று உறுதியானது. அடுத்த கிழமையே யாழ்ப்பாணத்தின் முதல் நோயாளி இனங்காணப்பட்டார். மாவட்டம் முழுக்க ஊரடங்கு. கிருமி விமானத்தில் வரும் என்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நேரம் ஊர் படித்த பாடம் வேறு. "வெளிநாட்டுக்காரர்" என்ற சொல்லே வசவாகிப்போனது. காசு அனுப்பும்போது எங்கடை பிள்ளை, இருமினால் வெளிநாட்டுக்காரர். வந்தவரை ஒளித்து வைத்த வீடுகளும் அதனால்தான் வந்தன. பயமுறுத்தினால் ஆட்கள் மறைப்பார்கள். மறைத்தால் நோய் பரவும். பயணியைக் குற்றவாளியாக்குகிற விதி, தான் மறிக்க வந்த நோய்க்கே வழிவிடுகிறது.

அவகாசம் கொடுக்கமுடியாத அளவுக்கு ஆபத்து என்றால், நல்லது, இந்த நிமிடமே விதியைப் போடுங்கோ. ஆனால் வருகிறவரை உள்ளே விடுங்கோ, படுக்க இடமும் சாப்பாடும் அரச செலவில் கொடுங்கோ, இழந்த சம்பளத்துக்கும் ஒரு வழி பண்ணுங்கோ. அப்போது யாரும் 4 மணிக்கு முன்னம் என்று அடித்துப்பிடித்து ஓடத் தேவையில்லை. பிரான்ஸில் ஆட்கள் ஓடியது கிருமிக்குப் பயந்து இல்லை. சம்பளம் போகுமே என்ற பயத்தில்.

இது எங்கள் கற்பனை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் 2005இல் ஏற்கப்பட்டு, 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்தவை. பிரித்தானியாவும் இலங்கையும் அவற்றுக்குக் கட்டுப்பட்ட நாடுகள். அதன் 40ஆவது உறுப்புரையைப் படித்துப் பாருங்கோ. நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ குடியேற வருகிறவர்களை விட்டு, மற்றப் பயணிகளிடம் பொதுச் சுகாதாரத்துக்காகச் செய்கிற தனிமைப்படுத்தலுக்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. கட்டணம் வாங்க இடமிருக்கிற மற்ற விடயங்களிலும், கட்டண அட்டவணையைக் குறைந்தது 10 நாளுக்கு முன்னம் வெளியிட வேண்டும். 32ஆவது உறுப்புரை, பயணிகளை மரியாதையோடு நடத்து, சாப்பாடும் தண்ணீரும் தகுந்த இருப்பிடமும் கொடு என்கிறது. அவகாசமும் செலவும் ஒன்றோடொன்று தொடர்புபட்டவை என்று இந்த விதிகளை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கையெழுத்து வைத்த அரசுகள்தான் தெரியாத மாதிரி இருந்தன.

அவுஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2021 மே மாதம், இந்தியாவில் இருந்து திரும்புகிற தன் சொந்தப் பிரசைக்கே ஐந்து வருடச் சிறை வரை கிடைக்கலாம் என்று இரண்டு கிழமைக்கு மிரட்டியது. தனிமைப்படுத்தலுக்குக் காசு கேட்பதையும் தாண்டி, வீட்டுக்கு வருவதே குற்றமானது. அந்த நேரம் இந்தியாவில் நின்றவர்களில் பலர் சாகக் கிடக்கிற பெற்றாரைப் பார்க்கப் போனவர்கள்.

எங்கள் மண்ணுக்கும் இந்தக் கதை பழசுதான். இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரைக் கப்பல் ஏற்றுவதற்கு முதல், இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைத்தார்கள். காரணம் கொலரா, அம்மை. அதே மண்டபம் முகாமுக்குள்தான் 1983க்குப் பிறகு எங்கள் அகதிகளும் போய் இருந்தார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது, நல்லூர்த் திருவிழாவுக்கும் லீவுக்கும் வந்தவர்கள் யாழ்ப்பாணத்துக்குள் அகப்பட்டார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தவர்கள் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு கப்பலில் வெளியேறினார்கள். மற்றவர்கள் பாஸுக்கு வரிசையில் நின்றார்கள். திடீரென்று பாதை மூடினால் யார் எந்த வரிசையில் நிற்பார் என்பதை எங்கள் பெற்றாரைக் கேட்டால் சொல்லுவார்கள். அவர்களுடைய பிள்ளைகளான நாங்கள், "காசைக் கட்டட்டும்" என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகலாமா?

நாங்கள் கேட்பது இவைதான்.

தனிமைப்படுத்தல் விதி 10 நாள் அவகாசம் இல்லாமல் வந்தால், அதன் முழுச் செலவும் அரசுடையது. ஹோட்டலுக்கும் பரிசோதனைக்கும் ஒரு சதமும் பயணியிடம் கேட்கக்கூடாது.

மரணம், கடும் வருத்தம், பிள்ளைப்பேறு ஆகிய மூன்றுக்கும் போகிறவருக்கு வேறு விதி எழுதவேண்டும். ஒரு நாளுக்குள் பதில் வரவேண்டும். அதிகாரியின் மனநிலையைப் பொறுத்ததாக அது இருக்கக்கூடாது.

சொந்தப் பிரசை உள்ளே வருவதை எந்த அரசும் தடுக்கக்கூடாது. சுற்றுலாப் பயணிக்குக் கதவு திறந்தால், அதற்கு முதல் நாளாவது வெளிநாட்டில் அகப்பட்டிருக்கிற தொழிலாளிக்குத் திறந்திருக்கவேண்டும்.

ஒவ்வொரு மூடல் உத்தரவிலும் அது மீளாய்வு செய்யப்படும் திகதி எழுதியிருக்கவேண்டும். கட்டுநாயக்காவுக்கு ஒரு திகதி, பலாலிக்கு "பிறகு பாப்பம்" என்பது இனி வேண்டாம்.

உலக சுகாதார ஒழுங்குவிதிகளின் புதிய திருத்தங்கள் 2025 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டன. பெருந்தொற்று உடன்படிக்கை ஒன்றும் 2025 மே மாதம் ஏற்கப்பட்டது. அடுத்த தொற்றுக்கான உள்நாட்டு விதிகளை நாடுகள் எழுதுகிற காலம் இது. இலங்கையின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டுக்குரியது. அதைத் திருத்தச் சொல்லி இங்கே இருக்கிற நாங்கள் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களை நெருக்கவேண்டும். லண்டனிலும் கனடாவிலும் சிட்னியிலும் வாக்கு இருக்கிற எங்கள் வயதுக்காரர் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதவேண்டும். நோய் வந்த பிறகு கேட்டால் "இப்ப அதுக்கு நேரமில்லை" என்றுதான் சொல்லுவார்கள். நேரம் இருக்கிறது, இப்போது.

அதற்கிடையில் யாராவது "விடுமுறைக்குப் போனவைதானே" என்று தொடங்கினால், ஆரைச் சொல்லுறியள் என்று பெயர் கேளுங்கோ. சொல்லுகிறவரின் குடும்பத்திலேயே ஒருவர் வருவார்.